ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓட்டுப் போட்டுப் பார்த்தோம்

வணக்கம் மக்களே. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் மந்தையில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் தெரிவதுதான் சாவடி. காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் நாங்கள் ஒரு தேர்தல் நடத்தினோம். நிஜத் தேர்தல் இல்லை, விருப்ப வரிசை ஓட்டு என்ற முறைக்கு ஓர் ஒத்திகைதான். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் அத்தை கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இந்த யோசனை வந்ததே அவரால்தான்.

அத்தை மகளிர் குழுவில் 11 வருஷம் கணக்குப் பார்த்தவர். 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் எங்கள் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அத்தை மனுத் தாக்கல் செய்தார். எங்கள் தெருவிலிருந்தே இன்னொரு அம்மாவும் மனுப் போட்டிருந்தார். வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி இந்தச் சாவடியில் பெரியவர்கள் கூடினார்கள். "நீ நின்னா ஓட்டு பிரியும் தாயி. ரெண்டு பேருமே தோத்துப் போவீங்க" என்றார்கள். அத்தை சரியில்லாதவர் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஓட்டு பிரியும், அவ்வளவுதான். மறுநாள் காலையில் போய் வாபஸ் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். விழுந்த மொத்த ஓட்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஜெயித்தவருக்குக் கிடைக்கவில்லை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, அதனால் பங்காளி, மாமன், மச்சான் எல்லாம் நிற்பார்கள். யார் நிற்க வேண்டும் என்பதைவிட யாரை உட்கார வைக்க வேண்டும் என்பதில்தான் பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. அப்படி உட்கார வைக்கப்படுகிறவர் பெரும்பாலும் பெண்ணாகவோ, பணம் இல்லாதவராகவோ, முதல் தடவை நிற்கிற இளவட்டமாகவோ இருக்கிறார். எனக்கு மனசு ஆறாதது அங்கேதான்.

சரி, விருப்ப வரிசை ஓட்டு என்றால் என்ன? ஒரே ஒருவருக்கு முத்திரை குத்துவதற்குப் பதிலாக, முதலில் இவர், இவர் இல்லையென்றால் அவர், அவரும் இல்லையென்றால் அடுத்தவர் என்று வரிசை சொல்கிறோம். முதல் விருப்பத்தை எண்ணுவார்கள். யாருக்காவது பாதிக்கு மேல் கிடைத்தால் ஜெயித்தாயிற்று. கிடைக்கவில்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யார் என்று பார்த்து அவர்களுக்குச் சேர்ப்பார்கள். பாதி தாண்டும்வரை இப்படியே போகும்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். நம் குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 1969-இல் வி.வி. கிரிக்கும் நீலம் சஞ்சீவ ரெட்டிக்கும்தான் முக்கியப் போட்டி. அந்தத் தேர்தலில் ஒவ்வோர் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு விழுந்த ஓட்டுகளின் மதிப்பு 4,01,515. தேவைப்பட்டது 4,18,169. எட்டவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக நீக்கி, இரண்டாவது விருப்பங்களைச் சேர்த்து, கடைசியில் 4,20,077 வாங்கி ஜெயித்தார். மாநிலங்களவைத் தேர்தலில் நம் எம்.எல்.ஏ.க்கள் எண் போட்டுத்தான் ஓட்டளிக்கிறார்கள். 1986-இல் சட்ட மேலவையைக் கலைக்கும்வரை தமிழ்நாட்டில் பட்டதாரிகளும் ஆசிரியர்களும்கூட இப்படி எண் போட்டவர்கள்தான். கடல் தாண்டிப் பார்த்தால், இலங்கையில் 2024 செப்டம்பரில் அனுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 42 சதவீதம் சொச்சம்தான் வந்தது. அங்கே முதல் தடவையாக இரண்டாவது எண்ணிக்கைக்குப் போய் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். ஓர் எம்.எல்.ஏ.வுக்குக் கொடுத்திருக்கிற இந்த வசதியை எங்கள் அப்பத்தாவுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது எங்கள் ஒத்திகைக்கு வருவோம். ஆட்களை நிறுத்தினால் சண்டை வரும். அதனால் ஊரில் முதலில் செய்ய வேண்டிய வேலை எது என்று கேட்டோம். ஐந்து வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். இதோ பாருங்கள், இதுதான் சீட்டு. தலைவர் ஓட்டுச்சீட்டு மாதிரியே இளஞ்சிவப்புத் தாள். படத்துக்கு நேராக மூன்று கட்டம்: முதல், அடுத்து, அதற்கும் அடுத்து. எண் எழுதத் தெரியாதவர்கள் கட்டத்தில் முத்திரை குத்தினால் போதும்.

63 பேர் போட்டார்கள். மூன்று செல்லாத ஓட்டு. அதில் ஒன்று முதல் கட்டம் ஐந்திலும் குத்தியிருந்தது. மிச்சம் 60, பாதி தாண்ட 31 வேண்டும். சுடுகாட்டுப் பாதை 19, கண்மாய் மடை 16, குடிநீர்த் தொட்டி 13, தெருவிளக்கு 7, ரேஷன் கடைக் கட்டிடம் 5. இப்போதைய முறையில் பாதை ஜெயித்து நாம் வீட்டுக்குப் போயிருப்போம். நாங்கள் ரேஷன் கடையை நீக்கினோம். அந்த ஐந்தில் மூன்று தொட்டிக்கு, பாதைக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. அடுத்து விளக்கின் எட்டையும் பிரித்தோம். தொட்டிக்கு ஆறு, பாதைக்கு இரண்டு. பாதையும் தொட்டியும் 22, 22 என்று நின்றபோது மந்தையில் ஒருவரும் எழுந்து போகவில்லை. மடையின் 16 சீட்டில் 11 தொட்டிக்குப் போனது, 4 பாதைக்கு, ஒன்றில் அடுத்த விருப்பமே இல்லை. தொட்டி 33, பாதை 26.

ஒரு பெரியப்பா கோபமாக எழுந்தார். "ஏப்பா, மாட்டுவண்டிப் பந்தயத்துல மூணாவதா வந்த வண்டிக்கு எப்படிப்பா முதல் பரிசு கொடுப்ப?" நல்ல கேள்வி. நான் சொன்னேன், பெரியப்பா, பாதை வேண்டும் என்றவர்கள் 19 பேர், மற்ற 41 பேர் வேறு எதையோ கேட்டார்கள், அந்த 41 பேரையும் கேட்டு முடித்தால்தான் பந்தயம் முடிகிறது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் பர்லிங்டன் என்ற ஊரில் இதே முறையில் நடந்த 2009 மேயர் தேர்தலில் முதல் சுற்றில் முந்தியவர் கடைசியில் தோற்றார். அடுத்த வருஷமே மக்கள் அந்த முறையை எடுத்துவிட்டார்கள். 2021-இல் நகர மன்றத் தேர்தலுக்கு அதை அவர்களே திரும்பக் கேட்டார்கள்.

அப்பத்தா கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "ரெண்டாவது குத்துனா என் மொத ஆளுக்குக் கெடுதலா வந்துருமாய்யா?" வராது. நம் முதல் ஆள் களத்தில் இருக்கிறவரை இரண்டாவது கட்டத்தை யாரும் பார்க்கவே மாட்டார்கள். இது புரிந்த பிறகுதான் மூன்று கட்டத்திலும் குத்தினார்.

இந்த முறை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவே மாட்டேன். பதவியை ஏலம் விடுகிற ஊரில் ஓட்டுச்சீட்டுக்கே வேலை இல்லை. நம் மாவட்டத்தில் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும், தலைவர் பதவியைத் தலித் மக்களுக்கு ஒதுக்கியதால் 1996 முதல் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்தவே விடவில்லை. மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997-இல் வெட்டிக் கொன்றார்கள். அந்தக் கொடுமைக்கு எந்த எண்ணும் முறையும் மருந்து ஆகாது.

எண்ணுகிற வேலையும் லேசு இல்லை. 60 சீட்டுக்கே எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. நியூயார்க்கில் 2021-இல் மேயர் வேட்பாளர் தேர்வுக்கு இதைக் கொண்டுவந்தபோது, சோதனைக்கு வைத்திருந்த சுமார் 1,35,000 ஓட்டுகளை நிஜ ஓட்டோடு சேர்த்து அறிவித்து, அப்புறம் திருத்தினார்கள். அதனால் ஒரேயடியாக மாநிலம் முழுக்க வேண்டாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2018-இல் சோதனைத் திட்டமாகச் சட்டம் போட்டு, 2019-இல் இரண்டே ஊரில் நடத்தினார்கள். நடந்ததைப் பார்த்து 2021-இல் 20-க்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்தன. நாமும் ஒரு ஒன்றியத்தில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு மட்டும் செய்து பார்க்கலாம். இதற்கு டெல்லிவரை போக வேண்டியதில்லை, ஊராட்சித் தேர்தல் சட்டம் மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. உங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்த்தால் கேளுங்கள், உங்களுக்கு மட்டும் ஏன் ஒன்று, இரண்டு, மூன்று என்று.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்களே, அந்த இடைவெளியில் இதைப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

ஒத்திகை முடிந்து சேரை எல்லாம் அடுக்கும்போது அத்தை அந்தச் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். "இந்த மாதிரி எப்போ வரும்?" என்று கேட்டார். சட்டம் மாறணும் அத்தை, வருஷக்கணக்காகும் என்றேன். "அது வரட்டும். அடுத்த தடவை நான் வாபஸ் வாங்கப் போறதில்ல. மனுப் போடுற அன்னைக்குக் கேமராவோட வந்துரு" என்றார். வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.