எல்லா நெஞ்சும் படபடக்கத்தான் வேண்டுமா?

(நூலக வார விழாவில் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து முன்னால் உட்கார வைத்திருக்கும் தமிழாசிரியை அவர்களே, பந்தல் போட்ட தம்பிமார்களே, காலையிலிருந்து நாற்காலி அடுக்கி, இந்த மைக்கையும் தன் கையாலேயே சரிசெய்து கொடுத்த நூலகர் அவர்களே, எனக்கு அடுத்துப் பேசவிருக்கும் புலவர் ஐயா அவர்களே! போன வருடமும் இதே மேடையில் எனக்கு இடம் கொடுத்தீர்கள். மறுபடியும் கூப்பிட்டதற்கு மனமார்ந்த நன்றி.

துடிப்பைச் சொல்லும் சொற்கள், அவற்றை எழுத்தாளர்கள் கையாளும் விதம், நம் பக்கத்து வில்லிசைக் கலைஞர்கள் தாளத்துக்கு வைத்திருக்கும் சொற்கள் என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். நான் ஏறும் மேடையில் எல்லாம் இந்தப் பழமொழி வந்துவிடும். இன்று என் பேச்சே அந்த 'அடி'யைப் பற்றித்தான். ஒரு அடி, ஓர் இடைவெளி, மறுபடியும் ஒரு அடி. நெஞ்சும் அப்படித்தான் அடிக்கிறது, உலக்கையும் அப்படித்தான் விழுகிறது. துடி என்று ஒரு தோற்கருவியே நம்மிடம் இருந்தது. புறநானூற்றில் மாங்குடி கிழார் நான்கு குடிகளைப் பெயர் சொல்லும்போது துடியனைத்தான் முதலில் வைக்கிறார்.

தொல்காப்பியர் 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்து இசையா' என்றார். படபட என்பதில் பாதியைப் பிய்த்தால் அந்தப் பொருள் போய்விடும். ஆனால் திக், சுருக், விண் போன்றவை 'என்று' சேர்த்தால் தனியாகவும் நிற்கும். கதவு தட்டப்படுகிறது, நெஞ்சு திக்கென்றது. அது ஒரே அடி, அதோடு முடிந்தது. தட்டியவன் போகாமல் வாசலிலேயே நிற்கிறான், நெஞ்சு திக்திக் என்றது. இப்போது அது தொடர்கிறது, எப்போது நிற்கும் என்று தெரியாது. ஒரு தடவை சொன்னால் நடந்து முடிந்தது, இரண்டு தடவை சொன்னால் நடந்துகொண்டே இருப்பது. இதற்குத் தனியாக ஒரு வாக்கியம் தேவையில்லை. எவ்வளவு பெரிய வசதி பாருங்கள்!

நாடி பார்க்கும் சித்த வைத்தியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து, வாத நாடி அன்னம்போல, கோழிபோல, மயில்போல நடக்கும், பித்த நாடி ஆமைபோல, அட்டைபோல நடக்கும், கப நாடி தவளைபோல, பாம்புபோலப் போகும் என்று பாட்டாகவே எழுதி வைத்தார்கள். துடிப்பை எண்ணியதோடு நிற்காமல், அது நடக்கிற நடையையும் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளம்.

என் அத்தைக்கு ஆள்காட்டி விரலில் நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு நாலைந்து நாள் நடமாடினார். இரவெல்லாம் தூக்கம் இல்லை. கடைசியில் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். சீட்டுப் போட்டு உட்கார்ந்தால் எங்களுக்கு முன்னால் பெருங்கூட்டம். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அத்தையின் விரலைப் பார்த்துவிட்டு, "கடுக்கா, தெறிக்கா?" என்று கேட்டார். "தெறிக்கு" என்றார் அத்தை. "அப்போ பழுத்துட்டு" என்றார் அவர். இன்னொரு அம்மா தன் பல்வலியைச் சொன்னார், "எனக்குச் சுருக்கு சுருக்குன்னு வருது, வந்தா உச்சி வரைக்கும் ஏறுது." அந்த பெஞ்சு முழுக்க வலியின் அகராதி ஓடிக்கொண்டிருந்தது!

எங்கள் முறை வந்தது. இளம் மருத்துவர், நல்ல பிள்ளை. "வலி எப்படிம்மா இருக்கு?" என்றார். "விண்ணு விண்ணுன்னு தெறிக்கு தம்பி." அவருக்குப் புரியவில்லை. "ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு நல்ல கையை எடுத்து மேசையில் தட்டினார். டொக்... டொக்... டொக். "இப்படித் தம்பி. நெஞ்சு அடிக்கும்போதெல்லாம் அங்க அடிக்கு." அப்போது ஊசி எடுத்துக்கொண்டிருந்த நர்ஸம்மா திரும்பிப் பார்த்து, "உள்ள சீழ் கட்டியிருக்கு டாக்டர், அதான் விண்ணு விண்ணுங்குது" என்றார். மருத்துவர் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தார். மேசையில் விழும் தட்டையும் நாடியையும் ஒத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கீறி எடுத்துவிட்டார்கள். அன்று இரவு அத்தை தூங்கினார்.

வெறும் 'வலி' என்று சொல்லியிருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்குமா? விண் விண் என்பதில் சீழும் இருக்கிறது, நாடியும் இருக்கிறது. பெஞ்சில் இருந்த பெரியவருக்கு அது தெரிந்திருந்தது.

சரி, இரண்டாவதுக்கு வருகிறேன். நம் இளம் எழுத்தாளர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும் நெஞ்சு படபட, மாடிப்படி ஏறிய பாட்டிக்கும் படபட, பின்கட்டில் ஒளிந்திருக்கும் திருடனுக்கும் படபட. படபடப்பது அடைபட்ட பறவையின் சிறகு. அதில் அவசரமும் தப்பிக்கும் தவிப்பும் இருக்கின்றன. படியேறிய பாட்டிக்கு வருவது மேல்மூச்சு கீழ்மூச்சு. திருடனுக்குத் திக்திக் போதும். ஒரே சொல்லை எல்லா நெஞ்சுக்கும் மாட்டினால் எந்த நெஞ்சும் அடிக்காது.

பெரிய கவிகள் பல இடங்களில் ஒலிக்குறிப்பைத் தொடுவதுகூட இல்லை. கம்பனின் சூர்ப்பணகை வருகிறாள்: 'பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்க' என்று தொடங்கி 'வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்' என்று முடிகிறது. சலங்கை என்ற சொல் கிடையாது, கலகல கிடையாது. 'ஞ்ச' என்ற ஒலியைத் திரும்பத் திரும்ப வைத்தே அவளை நம் முன்னால் நடத்திக் கொண்டுவந்துவிடுகிறான். பாரதியோ மழைக்குத் 'தீம்தரிகிட' என்று ஜதியே போடுகிறான். 'வெள்ளம் பாயுது பாயுது பாயுது' என்ற இடத்தில் மூன்றாவது பாயுதுவை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், வெள்ளம் வடிந்துவிடும். அடி மேல் அடி! பிள்ளைகளே, வீட்டுக்குப் போய் இந்த இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் காது பட்டினி கிடக்கும்.

மூன்றாவது, வில்லிசை. வில்லின் நாணில் வீசுகோல் விழும் அடி, குடத்தின் அடி, உடுக்கை, ஒவ்வொரு வரிக்கும் பின்பாட்டுக்காரர் போடும் 'ஆமா'... இது தனியாக ஒரு நாள் பேச வேண்டியது. நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார், புலவர் ஐயாவும் காத்திருக்கிறார்.

ஆனால் என் கோரிக்கையைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். நம் நூலகத்தில் 'ஊர்ச்சொல் நோட்டு' ஒன்று வைக்க வேண்டும். 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்த மாநிலம் இது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். அச்சான புத்தகம் மட்டும்தான் அலமாரிக்குள் போக வேண்டுமா? ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் கேட்ட சொற்கள் எங்கே போவது? மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு, தறி அடிக்கிற சத்தத்துக்கு, கைக்குழந்தையின் உச்சிக்குழி துள்ளுவதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்களோ அதை எழுதுங்கள். சொன்னவரின் வயது, அவர் செய்யும் வேலை, எந்த நேரத்தில் சொன்னார் என்பதும் வேண்டும். எழுதத் தெரியாத பெரியவர்களிடம் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். நோட்டு நிரம்பியதும் ஒரு படி எடுத்து மருத்துவக் கல்லூரிக்கும் செவிலியர் பள்ளிக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. முதல் தடவை வாங்க மறுத்தால் மறுபடியும் போவேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா இந்த மேடையிலேயே சம்மதம் சொன்னால் நாளைக்கே தொடங்கிவிடலாம். நோட்டு வாங்கி வந்துவிட்டேன், இதோ நூலகரிடம் கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் அத்தையின் விண் விண் ஏறியிருக்கிறது. இரண்டாம் பக்கம் முதல் வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.