3 + 1 + சனிக்கிழமை: தேதியே போடாம ஒரு வருஷத்துல முழு பைபிள்

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். இன்னைக்கு கொஞ்சம் சூடாத்தான் பேசப் போறேன். பிப்ரவரி இப்பத்தான் பொறந்திருக்கு, கமெண்ட்டைத் தொறந்தா வரிசையா ஒரே புலம்பல்: "ஜனவரியில பைபிளை முதல்ல இருந்து வாசிக்க ஆரம்பிச்சேன், மூணாவது புத்தகம் லேவியராகமத்துல நின்னுபோச்சு."

உங்க பக்தியில ஒரு குறையும் இல்ல. அந்த அட்டைதான் காரணம். வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில கையில குடுப்பாங்களே, தேதி போட்ட வாசிப்பு அட்டை, அதைப் பாத்தாலே எனக்குக் கோவம் வரும். 66 புத்தகம், 1189 அதிகாரம். 365-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு மூணேகால். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, முடிஞ்சதும் ஜனவரி 28 வாக்குல லேவியராகமம். நேரா அப்படியே போனா புதிய ஏற்பாடு தொடங்குற மத்தேயு முதல் அதிகாரம் எப்போ வரும் தெரியுமா? அக்டோபர் ரெண்டாவது வாரம்! ஒன்பது மாசத்துக்கு மேல சுவிசேஷத்தையே தொடாம ஒருத்தர் எப்படி வாசிப்பார்?

அதனால இந்தக் கணக்கைப் பாருங்க. இதைச் சொல்லத்தான் கேமராவை ஆன் பண்ணேன். புதிய ஏற்பாடு 260 அதிகாரம். வாரத்துக்கு அஞ்சு நாள் வீதம் 52 வாரம், எத்தனை? 260. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. இப்போ பழைய ஏற்பாடு 929. அதுல சங்கீதம் 150-ஐ எடுத்து தனியா வைங்க. மிச்சம் 779. அதே 260 நாளுக்கு மூணு மூணா போட்டா 780! ஒரே ஒரு அதிகாரம்தான் வித்தியாசம். அழகா இருக்கில்ல? திங்கள்ல இருந்து வெள்ளி வரை பழையதுல மூணு, புதுசுல ஒண்ணு. சனிக்கிழமை மூணு சங்கீதம். ஞாயிறு காலி, விட்டதைப் பிடிக்க. நாலு அதிகாரம் வாய்விட்டு வாசிச்சா இருபதுல இருந்து இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். அவ்வளவுதான்.

தேதி எழுதவே எழுதாதீங்க. 1-ஆம் நாள், 2-ஆம் நாள்னு எண் மட்டும். பக்க அடையாளத்துக்கு நான் மூணு நாடா வைக்கிற ஆளுன்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். பழைய ஏற்பாட்டுக்கு ஒண்ணு, புதுசுக்கு ஒண்ணு, சங்கீதத்துக்கு ஒண்ணு. நாடா நிக்கிற இடம்தான் உங்க அட்டை. அஞ்சு நாள் விட்டா 20 அதிகாரம் பாக்கி விழும். ஒரு ஞாயித்துக்கிழமையில அதை அடைக்கவே முடியாது. அப்போ துரத்தாதீங்க. நாடா இருக்கிற இடத்துல இருந்து போங்க, ஒரு வாரம் தள்ளி முடியும். ஆப்புல வர்ற தொடர் நாள் எண்ணிக்கை எனக்கு ஏன் பிடிக்காதுன்னும் உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் விட்டதும் அது பூஜ்யத்துக்குப் போயிடும், அதோட ஆளும் போயிடுவார்.

சரி, லேவியருக்கு வர்றேன். நான் வாசிக்கிறது திருவிவிலியம், கத்தோலிக்கரும் மத்த சபையாரும் சேர்ந்து செஞ்சு 1995-ல வந்த பொது மொழிபெயர்ப்பு. லேவியராகமத்துக்கு அதுல லேவியர்னு பேரு. முதல் அஞ்சு அதிகாரத்துல அஞ்சு வகைப் பலி: எரிபலி, உணவுப் படையல், நல்லுறவுப் பலி, பாவம் போக்கும் பலி, குற்றப்பழி நீக்கும் பலி. ஆறும் ஏழும் அதே அஞ்சையும் குருக்களுக்கான சட்டமா திரும்பச் சொல்லுது. வாசிச்சதையே வாசிக்கிற மாதிரி இருக்குன்னு எழுதியிருந்தீங்களே, இதனாலதான். ஒரு தாள்ல அஞ்சு பேரையும் எழுதிப் பக்கத்துல வச்சுக்கிட்டா குழப்பமே வராது. 16-ம் 19-ம் மட்டும் மெதுவா வாசிங்க. பாவக்கழுவாய் நாள் 16-ல, அயலாரை நேசிக்கச் சொல்றது 19-ல.

இந்த 3 + 1 முறையில ஒரு இடம் இருக்கு பாருங்க, எனக்குச் சொல்லச் சொல்ல ஆசை அடங்கல. 35-ஆம் நாள். பழைய ஏற்பாட்டுல லேவியர் 13, 14, 15. தோல் நோய், துணியில பூஞ்சை, வீட்டுச் சுவர்ல பூஞ்சை, உடம்புல இருந்து கசியறது, எல்லாமே தீட்டு. ஆளுங்க மூடிவைக்கிற இடமே இதுதான். அன்னைக்குப் புதுசுல என்ன வருது? மத்தேயு 28 முடிஞ்சு மாற்கு 7! கை கழுவாம சாப்பிடறாங்கன்னு பரிசேயர், அதாவது யூதச் சட்டத்தைக் கறாரா பாக்குறவங்க, கேக்க, வெளியே இருந்து உள்ளே போறது மனுஷனைத் தீட்டாக்காது, உள்ளே இருந்து வெளிய வர்றதுதான் தீட்டாக்கும்னு இயேசு சொல்ற அதிகாரம். யாரும் திட்டம் போட்டுச் சேர்க்கல, எண்ணிக்கையே கொண்டுவந்து சேர்க்குது. லேவியர் வாசிக்காதவங்களுக்கு மாற்கு 7-ல அந்தப் பரிசேயர் ஏன் அப்படிக் கொதிக்கிறாங்கன்னே புரியாது.

அடுத்தது 42-ஆம் நாள், உஷார். எண்ணிக்கைங்கிற புத்தகத்துல (எண்ணாகமம்தான்) 7, 8, 9, கூடவே மாற்கு 14. 89-ம் 26-ம் 23-ம் 72-ம், மொத்தம் 210 வசனம். எண்ணிக்கை 7-ல பன்னிரண்டு தலைவர்கள் கொண்டுவந்த ஒரே மாதிரி காணிக்கை பன்னிரண்டு தடவையும் முழுசா வரும். திங்கள்ல தொடங்கியிருந்தா அது ஒன்பதாவது வாரம் செவ்வாய்க்கிழமை. முந்தின ஞாயிறே எண்ணிக்கை 7-ஐ முடிச்சு வச்சிடுங்க.

ஆங், சங்கீதத்துல ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். 150-ஐ மூணு மூணாப் போட்டா 50 சனிக்கிழமைதான் ஆகும், ரெண்டு மிச்சம். அந்த மிச்சம் 119-க்காக. 176 வசனம் அது. 39 சனிக்கிழமையில 117 முடியும். நாப்பதாவது சனி 118 மட்டும், அடுத்த சனி 119 மட்டும், அப்புறம் 120-ல இருந்து பழையபடி மூணு மூணு. 52-ஆவது வாரத்துக்குள்ள வந்து சேரும்.

கத்தோலிக்கப் பதிப்பு வச்சிருக்கறவங்க, அதுல கூடுதலா இருக்கிற புத்தகங்களை எப்போ வாசிக்கிறதுன்னு கேட்டிருந்தீங்க. தோபித்து, யூதித்து, ஞானநூல், சீராக்கு, பாரூக்கு, மக்கபேயர் ரெண்டு, மொத்தம் 137 அதிகாரம். ஞாயிறுக்கு மூணு போட்டா 46 வாரத்துல முடியும். ஆனா விட்டதைப் பிடிக்கிற நாள் போயிடும், அதனால வார நாள்ல ஒண்ணுகூட விடாம வாசிக்கிறவங்களுக்கு மட்டும்தான் அதைச் சொல்வேன்.

திருவிவிலியத்துல சில புத்தகங்களுக்குப் பேர் வேற. அட்டையில உபாகமம்னு இருக்கு, அதுல காணோம்னா இணைச் சட்டத்தைப் பாருங்க. நாளாகமம்னா குறிப்பேடு, பிரசங்கின்னா சபை உரையாளர். மத்ததெல்லாம் ஊகிச்சிடலாம்.

அப்புறம் மத்தேயு 17:21, யோவான் 5:4, திருத்தூதர் பணிகள் 8:37. தற்கால பைபிள்ல இந்த எண்களைக் காணோம், யாரோ திருடிட்டாங்கன்னு ஒவ்வொரு வருஷமும் ஃபார்வர்ட் மெசேஜ் சுத்துது, எனக்கு எரிச்சலா வருது. புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் போட்டது 1551-ல. அப்போ கையில இருந்த பிற்காலக் கிரேக்கப் பிரதிகள்ல அந்த வரிகள் இருந்துச்சு. அதைவிட ரொம்பப் பழைய, நாலாம் நூற்றாண்டு கிரேக்கச் சுவடிகளான சினாய், வத்திக்கான் ரெண்டுலயும் இல்ல. அதனால தற்கால மொழிபெயர்ப்புகள்ல அது அடிக்குறிப்புலயோ அடைப்புக்குள்ளயோ இருக்கும். கண்ணை ஒரு அங்குலம் கீழே இறக்குங்க, அங்கதான் இருக்கு.

1 குறிப்பேட்டுல முதல் ஒன்பது அதிகாரம் பேர்ப்பட்டியல், 113-ல இருந்து 116-ஆம் நாள் வரை. வாய்விட்டு வாசிச்சாதான் ஓடும். கண்ணால ஓட்டினா நாலாவது பேர்லயே தூக்கம் வரும். 4:9, 10-ல யாபேசுங்கிறவரோட ஜெபத்தைத் தாண்டிப் போயிடாதீங்க.

அடுத்த தடை எரேமியா, அது லேவியரை விடவும் பெருசு. அது காலவரிசையில இல்ல. 21-ல அரசர் செதேக்கியா, 26-ல அவருக்கு முந்தின யோயாக்கீம், 32-ல திரும்ப செதேக்கியா, 35-ல திரும்ப யோயாக்கீம். 2 அரசர்கள் 22-ல இருந்து 25 வரை வர்ற அரசர் பேரை வரிசையா ஒரு துண்டுத்தாள்ல எழுதி எரேமியா முதல் பக்கத்துல ஒட்டிடுங்க. யோசியா, யோவகாசு, யோயாக்கீம், யோயாக்கின், செதேக்கியா. ஒவ்வொரு அதிகாரத் தொடக்கத்துலயும் எந்த அரசர்னு பாத்துட்டு உள்ளே போங்க.

260 நாள் பட்டியல் கீழ இருக்கு, தேதி இல்லாம. இப்போ லேவியர்ல நிக்கிறவங்க அங்கேயே ஒரு நாடா வைங்க, இன்னொரு நாடாவை மாற்கு முதல் அதிகாரத்துல வைங்க. நாளைக்குக் காலையில மூணும் ஒண்ணும்.