எழுதிக்கோங்க அண்ணாச்சி

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், முக்கூடல் ஊருக்கு வணக்கம், எதிரணிக்கும் வணக்கம். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான். வணக்கத்திலேயே மூன்று நிமிஷத்தைக் கரைத்தால் எங்கள் அணித்தலைவர் மேடையை விட்டு இறங்கினதும் என்னைச் சும்மா விடமாட்டார்.

தலைப்பு என் தலைக்குப் பின்னால் பேனரில் இருக்கிறது. மக்கள் பிரதிநிதியை அடையாளம் காட்டுவது மேடையில் பேசின பேச்சா, அவையில் போட்ட ஓட்டா? நான் ஓட்டு அணி. கட்சி பேசக் கூடாது, இப்போது பதவியில் இருக்கிறவர்கள் பெயரை இழுக்கக் கூடாது என்று நடுவர் முதலிலேயே கயிறு கட்டிவிட்டார். சரி, கயிறு எட்டின மட்டும் மேய்கிறேன்.

நான் தயார் பண்ணிக்கொண்டு வந்தது வேறு. நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், சட்டப் பிரிவு எல்லாம் இருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் பேசின பேராசிரியர் ஐயா ஒரு வார்த்தை விட்டார் பாருங்கள், அதைக் கேட்ட பிறகு அந்த நாலு பக்கமும் பைக்குள்ளேயே கிடக்கட்டும் என்று தோன்றிவிட்டது. என்ன சொன்னார்? "எதிரணித் தங்கச்சி பலசரக்குக் கடைக்காரர் மகள். அதனால்தான் ஜனநாயகத்தைத் தராசில் வைக்கிறார். பேச்சு என்பது இதயம், அதை நிறுக்க முடியுமா? கால் கிலோ ஓட்டு, அரைக் கிலோ ஓட்டு என்று பொட்டலம் மடிக்கிற சமாச்சாரமா இது?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் பச்சைச் சட்டை அண்ணாச்சி எழுந்து நின்றே தட்டினார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐயா, எந்த ஊரில் நின்று பேசுகிறோம் என்று பார்க்காமல் பேசிவிட்டீர்கள். சென்னையில் கடை வைத்திருக்கிறவர்கள், ஒரு காலத்தில் வைத்திருந்தவர்கள், கடையில் நிற்கிற மகனோ மருமகனோ கொழுந்தனோ உள்ளவர்கள், எல்லாரும் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். பாருங்கள் ஐயா, நன்றாகத் திரும்பிப் பாருங்கள். பச்சைச் சட்டை அண்ணாச்சி, நீங்களுமா? அப்புறம் எதற்குத் தட்டினீர்கள்?

ஆமாம், எங்கப்பா சைதாப்பேட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பத்துக்குப் பத்து இடம். பகலில் கடை, ராத்திரி அரிசி மூட்டைக்கு மேலே படுக்கை. வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவார், பொங்கலுக்கு ஒன்று, ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒன்று. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு நோட்டு இருக்கும். பற்று நோட்டு. யார் எப்போது என்ன வாங்கினார், எப்போது என்ன கொடுத்தார், எல்லாம் அதில் இருக்கும். இப்போது ஒரு கதை சொல்கிறேன், நடுவர் மணியை அடிக்காமல் கேட்க வேண்டும்.

அந்தத் தெருவில் ஒரு மேடைப் பேச்சாளர் குடியிருந்தார். பெயர் வேண்டாம், கட்சியும் வேண்டாம். என்ன குரல் என்கிறீர்கள்! கார்த்திகை மழையில் தண்டவாளம் அதிர்கிற மாதிரி இருக்கும். காலையில் கடைக்கு வருவார். "அண்ணாச்சி, இந்தத் தெருவுக்கே நீங்கதான் தெய்வம்." இரண்டு கிலோ சீனி. "உங்களை மாதிரி உழைப்பாளியை நான் பார்த்ததே கிடையாது." ஒரு கிலோ துவரம்பருப்பு. "சிறு வணிகன்தான் அண்ணாச்சி இந்த நாட்டுக்கு முதுகெலும்பு." கால் கிலோ வத்தல், அதையும் நல்ல குண்டு வத்தலாகப் பொறுக்கி எடுத்துக்கொள்வார். எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, படியில் இறங்கும்போது, முகத்தைத் திருப்பாமல் ஒரு வார்த்தை: "எழுதிக்கோங்க அண்ணாச்சி."

ஒரு தடவை தெருமுனையில் கூட்டம். மைக் செட் கடை வாசல் வரைக்கும் கட்டியிருக்கிறார்கள். லீவுக்கு நானும் அம்மாவும் அங்கே போயிருந்தோம், எனக்கு எட்டு வயசு இருக்கும், சாக்கு மேலே உட்கார்ந்திருக்கிறேன். இவர் பேசுகிறார். நாடு, மொழி, மானம், எல்லாம் முடிந்து கடைசியில் தெருவுக்கு வந்தார். "தோழர்களே, இதோ இந்தத் தெருவிலே அண்ணாச்சி கடை இருக்கிறதே, அது கடை அல்ல! அது கடை அல்ல! அது ஓர் அன்னசத்திரம்!" கூட்டம் கை தட்டுகிறது. எங்கப்பா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஆமா, இவரு ஒருத்தருக்கு மட்டும் சத்திரம்."

இன்னொரு தடவை சொல்லட்டுமா? பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லை என்று கை காட்டுகிறார்கள். "அது கடை அல்ல, அன்னசத்திரம்!" "ஆமா, இவரு ஒருத்தருக்கு மட்டும் சத்திரம்." மறுநாள் காலையில் அதே ஆள் வந்தார். "பேச்சு எப்படி அண்ணாச்சி?" "அருமை." "அரை லிட்டர் நல்லெண்ணெய் குடுங்க. எழுதிக்கோங்க."

அதே தெருவில் ரயில்வேயிலிருந்து ரிட்டையர் ஆன ஒருவர் இருந்தார். சிரிக்கவே மாட்டார். பருப்பில் கல் இருக்கிறது, மிளகில் பப்பாளி விதை இருக்கிறது என்று தினமும் சண்டை. தெருவில் யாரைக் கேட்டாலும் பேச்சாளர் தங்கம், இந்த ஆள் சிடுமூஞ்சி என்றுதான் சொல்வார்கள். நோட்டைப் புரட்டினால் ஒன்றாம் தேதி சாயங்காலம் இவர் பக்கத்தில் ஒரு கோடு, தீர்ந்தது. பேச்சாளர் பக்கம் முடிந்து அடுத்த பக்கம், அதுவும் முடிந்து நோட்டுக்கு நடுவில் தனித்தாள் ஒட்டியிருந்தது.

அவையில் போடுகிற ஓட்டுதான் அந்த நோட்டு. பேராசிரியர் ஐயா, கால் கிலோ ஓட்டு என்று கேலி பண்ணினீர்களே, ஒரு ஓட்டு என்ன எடை என்று இந்த ஜில்லாவில் யாரும் கேட்க முடியாது. 2016 சட்டமன்றத் தேர்தலில் நம்ம ராதாபுரம் தொகுதி 49 ஓட்டில் முடிவாகி, அது கோர்ட் வரைக்கும் போனது உங்களுக்கும் தெரியும். டெல்லியில் 1999 ஏப்ரலில் மக்களவை நம்பிக்கை ஓட்டெடுப்பில் ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு ஓட்டில் மத்திய அரசு கவிழ்ந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். 1993 ஜூலையில் மக்களவையில் நரசிம்ம ராவ் அரசு மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். 251க்கு 265 என்று அரசு தப்பியது. சில எம்.பி.க்கள் அதற்குப் பணம் வாங்கினார்கள் என்று வழக்கு வந்து, 1998ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவைக்குள் போட்ட ஓட்டுக்காக உறுப்பினர் மேல் வழக்குப் போட முடியாது, அரசியல் சட்டத்தின் 105வது பிரிவு காக்கிறது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஆக வாங்கிவிட்டு ஓட்டுப் போட்டதாகச் சொல்லப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு, வாங்கிவிட்டு ஓட்டுப் போடாததாகச் சொல்லப்பட்டவருக்குப் பாதுகாப்பு இல்லை! எங்கப்பா கேட்டிருந்தால், "வியாபார தர்மம்னா இதுதாம்ல, துட்டு வாங்கினா சரக்கக் குடுக்கணும்" என்றிருப்பார். 2024 மார்ச்சில்தான் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து அதை மாற்றினார்கள், லஞ்சத்துக்குப் பாதுகாப்புக் கிடையாது என்றார்கள். நான் கேட்கிறது ஒன்றுதான். அங்கே விலை பேசினதாகச் சொன்னது எதை? இதயத்தையா, பொட்டலத்தையா?

கொறடா விஷயம் ஒன்று சொன்னீர்கள். 1985ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கட்சி கட்டளைக்கு எதிராக ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும், அதனால் அது அவர் ஓட்டே இல்லை, கட்சி ஓட்டு என்றீர்கள். நல்ல பாயிண்ட், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டு அவைக்குள்ளேதானே? மேடையில் நின்று "என் உயிரே போனாலும் விடமாட்டேன்" என்று முழங்கினாரே, அது யார் கட்டளை? பதவியை விட மனசு வராதவர் உயிரை விடுவாராம்!

பாதி மசோதா குரல் வாக்கெடுப்பில் போய்விடுகிறது, "ஆம்" என்று ஒரு சத்தம், "இல்லை" என்று ஒரு சத்தம், யார் எந்தப் பக்கம் என்று எழுதுவது யார் என்றும் கேட்டீர்கள். எதிரணி இன்றைக்குப் பேசினதில் இது ஒன்றுதான் உருப்படி. அதற்குப் பெயரைப் பதியச் சொல்லிக் கேட்க வேண்டுமே தவிர, கடையில் நோட்டு இல்லை என்பதற்காகக் கடனே இல்லை என்று சொல்லலாமா?

இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற அக்காமாரே, பீடி சுற்றுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, எத்தனை பீடி கொடுத்தீர்கள் என்று பாஸ்புக்கில் பதிவு இருந்தால்தானே கூலி? "எல்லாம் என் மனசில் இருக்கிறதும்மா" என்று ஒருத்தர் சொன்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவீர்களா? மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று 1996ல் மசோதா வந்தது. அன்றிலிருந்து எந்த மேடையில் எந்தத் தலைவர் தாய்க்குலத்தை வாழ்த்தாமல் இறங்கினார்? 27 வருஷம் வாழ்த்தினார்கள். 2023 செப்டம்பரில் மக்களவையில் ஓட்டுக்கு விட்ட அன்றைக்கு 454 பேர் ஆதரவு, இரண்டே பேர் எதிர்ப்பு. இத்தனை பேர் ஆதரவு என்றால் இத்தனை வருஷம் அது எங்கே கிடந்தது? சட்டத்திலேயும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதற்குப் பிறகு தொகுதி மறுவரையறை, அதெல்லாம் முடிந்த பிறகு என்று ஒரு வரி வைத்திருக்கிறார்கள். அதாவது, எழுதிக்கோங்க அண்ணாச்சி!

முதல் மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது ஐயா. இரண்டு நிமிஷம்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது கொடைக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தருகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த வருஷம் வெறுங்கையோடு வந்தார். அதுவும் கொடை முடிந்து இரண்டு நாள் கழித்து. நான் பேசவில்லை. அவர் திரும்பிப் போன பிறகு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மா பேசும்போது ரிசீவரைப் பிடுங்கி, "நீங்க சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பைசா ஏறுது தாயி, வச்சிரு" என்றார்.

அப்பா போன பிறகு டிரங்குப் பெட்டியில் அந்த நோட்டுகள் இருந்தன. அந்த வருஷத்து நோட்டில் "ஒன்பதாம் நம்பர் வீட்டம்மா" என்று ஒரு பக்கம். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பிள்ளைக்குப் பிஸ்கட், ஏழு மாசத்துக்கு ஒரு பைசா வரவு இல்லை. கடைசியில், கொடைக்கு முந்தின வாரத் தேதி போட்டு, அப்பா கையெழுத்தில், "முழுதும் வரவு. தீர்ந்தது" என்று எழுதி அடிக்கோடு. அம்மாவிடம் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "அந்தப் பொம்பள புருசன் செத்துக் கைப்பிள்ளையோட ஊருக்குப் போனாள்லா, அவ எங்கயிருந்து குடுத்தா?" என்றாள். அதே தேதியில், "வீட்டுக்கு" என்கிற பக்கத்தில், "பாப்பா பாவாடை" என்று எழுதி அடித்திருந்தது.

பேராசிரியர் ஐயா குறிப்பெடுக்கிறார், பார்த்துவிட்டேன். பணம் வராமல் வரவு என்று எழுதினால் அது பொய்க்கணக்கு, ஆக நோட்டும் பொய் சொல்லும் என்று அடுத்து வந்து அடிக்கப் போகிறீர்கள். அடியுங்கள். அதற்கு எனக்குப் பதில் தெரியாது, அணித்தலைவர் என்னை முறைத்தாலும் பரவாயில்லை. எங்கப்பா அதை எந்த மேடையிலும் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கத்தின என்னிடமும் சொல்லவில்லை.

அந்த நோட்டு இப்போது என் பையில்தான் இருக்கிறது, அந்த நாலு பக்கத்துக்கு அடியில். சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள் ஐயா, காட்டுகிறேன். நீங்கள் புரட்ட வேண்டாம், நானே புரட்டிக் காட்டுகிறேன், மடிப்பெல்லாம் இற்றுப்போய் இருக்கிறது.