கடைசிப் பக்கத்தின் கீழ் வரி

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி வைத்திருப்பவர்கள், இந்த உரை முடிந்ததும் அதை ஒருமுறை திறந்து பாருங்கள். துணிமணிக்கு அடியில் விரித்திருக்கும் தாளைத்தான் சொல்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் என் அத்தை வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு தாள் கிடைத்தது. நம் பக்கத்து வாரப் பத்திரிகை, நான்கே பக்கம். பாபநாசம் அணையின் நீர்மட்டம் போட்டிருந்தது. அம்பாசமுத்திரத்தில் நெல் என்ன விலை என்று இருந்தது. ஒரு மூலையில், காணாமல் போன செவலைக் காளையைப் பற்றி ஐந்து வரி. இடது கொம்பு சற்று உள்ளே வளைந்தது என்று அடையாளமும் சொல்லியிருந்தார்கள். சென்னைப் பத்திரிகையில் அந்தக் காளை வராது. நம் சீமையின் சிறு பத்திரிகைகளை நான் தேடித் தேடிச் சேர்ப்பது அந்தக் காளைக்காகத்தான்.

நம் மாவட்டம் பத்திரிகைக்குப் புதிதில்லை. பாளையங்கோட்டையில் 1849-லேயே ‘நற்போதகம்’ வெளிவரத் தொடங்கிவிட்டது. மிஷன்காரர்கள் தொடங்கிய மாத இதழ். திருநெல்வேலித் திருமண்டலத்தின் இதழாக இன்றும் வருகிறது. ‘தினத்தந்தி’யை 1942-ல் மதுரையில் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழிக்காரர். ‘தினமலர்’ 1951-ல் திருவனந்தபுரத்தில் பிறந்த பத்திரிகை. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் சூடாக இருந்த காலம் அது. 1956 நவம்பர் 1-ல் அவை சேர்ந்தன. அடுத்த வருடமே பத்திரிகை திருநெல்வேலிக்கு வந்துவிட்டது. அப்புறம், பாளையங்கோட்டையில் நா. வானமாமலை 1969-ல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’. நாட்டுப்பாடலையும் கதைப்பாடலையும் ஆய்வுப் பொருளாக மதித்து அச்சேற்றிய காலாண்டிதழ்.

இவையெல்லாம் பேர் பெற்றவை. இவற்றைப் பேச ஆள் இருக்கிறது. பேர் பெறாதவை எத்தனையோ. இருநூறு முந்நூறு பிரதி அச்சடித்து, சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டு, சந்தா வசூலாகாமல் நின்றுபோனவை. அவற்றைக் கண்டுபிடிக்க எனக்குத் துணையாக இருப்பது கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் ஒரே ஒரு வரி. பொடி எழுத்தில், அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர், எந்த அச்சகம், எந்தத் தெரு என்று இருக்குமே, அந்த வரி. 1867-ல் வெள்ளைக்காரர் போட்ட சட்டத்தால் வந்தது. யார் அடித்தார்கள், யார் மேல் வழக்குப் போடலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் கேட்டார்கள். ஆனால் இன்றைக்கு அதுதான் நமக்கு முகவரி. அந்தத் தெருவுக்குப் போனால் அச்சகம் இருக்காது. செல்போன் கடை இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டால், ‘ஆமா, இங்கன மெஷின் ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்’ என்பார். அது போதும், அங்கிருந்து நூல் பிடித்துப் போய்விடலாம்.

நான் அச்சகத்தில் வேலை பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அச்சகம். ஒரு டிரெடில் மெஷின், அச்சுக் கோர்க்க இரண்டு கம்போசிட்டர்கள், எடுபிடிக்கு நான். வாரப் பத்திரிகை ஒன்றும் அங்கே அச்சானது. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிப் போயிருந்தது. அந்த வாரம் முழுப் பத்திரிகையும் வெள்ளச் செய்திதான். அப்போது ஒவ்வொரு எழுத்தையும் பெட்டியிலிருந்து கையால் பொறுக்கித்தான் அடுக்க வேண்டும். ‘ணி’ என்றால் அது தனி அச்சு. பெட்டியில் எத்தனை ‘ணி’ இருக்கிறதோ அத்தனைதான்.

முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் பாதியில் ‘ணி’ தீர்ந்துவிட்டது! யோசித்துப் பாருங்கள். தாமிரபரணியில் ஒரு ‘ணி’. மீட்புப் பணியில் ஒரு ‘ணி’. இத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறியது, இத்தனை மணிக்கு இறங்கியது என்று வரிக்கு ஒரு ‘ணி’. கார்த்திகை முகூர்த்தம் வேறு நெருங்குகிறது. மீதி ‘ணி’யெல்லாம் கல்யாணப் பத்திரிகைகளில், ‘காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று கட்டிவைத்தபடி புரூப்புக்குக் காத்துக் கிடக்கிறது. அதைப் பிரிக்க முடியாது.

மூத்த கம்போசிட்டர், எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்தபடியே ஆசிரியரிடம் கேட்டார்: “அண்ணாச்சி, ‘ணி’ இல்ல. ஆத்துக்கு வேற பேரு என்ன?”

அவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தார், கரண்டு இல்லை. தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “பொருநைன்னு போடுவே.”

அப்படியே போட்டார்கள். ‘மணிக்கு’ என்று வந்த இடமெல்லாம் ‘விடியலில்’, ‘உச்சிப் பொழுதில்’, ‘விளக்கு வைக்கும் நேரத்தில்’ என்று மாறியது. கரண்டு இல்லாததால் டிரெடிலைக் காலாலேயே மிதித்து ஓட்டினோம். அந்த இதழ் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் தாமிரபரணி, இரண்டாம் பக்கத்தில் பொருநை. ஆராய்ச்சி செய்கிற பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, இரண்டு பேர் எழுதிய செய்தியா சார் என்று கேட்டாள். எழுதியவர் ஒருவர்தான் அம்மா, ‘ணி’தான் போதவில்லை என்றேன். பெயர் மாறியதற்கு அந்தத் தாளில் காரணம் எழுதியிருக்காது. அச்சுக் கோர்த்தவர்களிடம் கேட்டால்தான் தெரியும். அவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆகவே அவர்களைப் போய்ப் பாருங்கள், கேட்டு எழுதி வையுங்கள்.

பழைய பத்திரிகைகளைப் பாதுகாப்பது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்து வருடத்தில் பழுப்பேறி எழுத்தையே தின்றுவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். மடிக்காமல், வெயில் படாமல், ஈரம் இல்லாத இடத்தில் விரித்து வையுங்கள். எடைக்குப் போடும் முன் செல்போனில் படம் எடுங்கள். செய்தியை மட்டும் எடுக்காதீர்கள். மேலே தேதியும் கடைசிப் பக்கத்தில் அந்தக் கீழ் வரியும் படத்துக்குள் விழ வேண்டும். நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.