கடைசி வாடிக்கையாளர் எந்த ஆண்டில் பிறந்தவர்?

(சிங்கப்பூரில் சமூக மன்றம் ஒன்றில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில், சிகரெட் தடை பற்றி மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஐயா என்னைப் பிடித்துக்கொண்டார். "சூயிங்கம்மையே 1992-ல தடை செஞ்ச ஊரும்மா இது. சிகரெட்டை மட்டும் ஏன் விட்டு வச்சிருக்காங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிட்டார்: "வரிப்பணம்!"

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலும் இந்தப் பதிலை அடிக்கடி கேட்கிறேன். பாதி உண்மைதான். 2023 பிப்ரவரியில் வரியை உயர்த்தியபோது ஒரு சிகரெட்டுக்கு 49.1 காசு என்று ஆனது. இருபது சிகரெட் உள்ள ஒரு பாக்கெட்டுக்கு ஏறக்குறைய பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பொருள் சேவை வரி தனி. சின்னத் தொகை இல்லை. ஆனால் வருமானம் வருகிற எதையும் அரசாங்கம் கைவிடாது என்றால், இந்த ஊரில் இன்றைக்கும் அபின் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

பாசிர் பாஞ்சாங் பக்கம் புக்கிட் சண்டு என்று ஒரு குன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை இரண்டாம் உலகப் போர் வரலாறு காட்ட அங்கே அழைத்துப் போவார்கள். அந்தப் பெயரில் இருக்கும் சண்டு, புகைப்பதற்காகப் பக்குவம் செய்த அபின். பிரிட்டிஷ் அரசாங்கமே அங்கே அபினைப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையை நடத்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் பாதிக்கு நெருக்கமான பங்கு அபினிலிருந்து வந்தது. பாதி! சிகரெட் வரி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அந்த வருமானத்தையே கைவிட்டார்கள். முதலில், அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்களை ஒதுக்கிவிட்டு அரசே விற்றது. பிறகு புகைப்பவர்களின் பெயரைப் பதிந்து அளவு வைத்துக் கொடுத்தது. போர் முடிந்ததும் 1946-ல் ஒரேயடியாகத் தடை.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது வேறொன்று. அபின் பழக்கத்தில் இருந்தவர்களுக்கென்று செயின்ட் ஜான்ஸ் தீவில் சிகிச்சை நிலையம் திறந்தது 1955-ல்தான். தடை முதலில் வந்தது, வைத்தியம் ஒன்பது வருடம் கழித்து வந்தது. நடுவில், அந்தப் பழக்கத்தில் இருந்த கூலிக்காரர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்? சிகரெட்டைத் தடை செய்யச் சொல்லி யாராவது மேடையில் ஆவேசமாகப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ஒன்பது வருடம்தான் நினைவுக்கு வருகிறது.

சரி, இன்றைய நிலைமைக்கு வருவோம். 1970-லேயே பேருந்திலும் திரையரங்கிலும் புகைக்கக்கூடாது என்று சட்டம் போட்ட ஊர் நம்முடையது. அப்புறம் 2006-ல் காப்பிக்கடை, 2013-ல் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளம், மாடிப்படி, பொது நடைபாதை, 2019-ல் ஆர்ச்சர்ட் சாலை, 2022-ல் பூங்காக்கள், கடற்கரைகள் என்று இடத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தார்கள். வாங்கும் வயது 2021-ல் 21 ஆனது. பாக்கெட்டின் நிறத்தையும் பளபளப்பையும் 2020-ல் பிடுங்கிவிட்டார்கள். பலன் இல்லாமல் இல்லை. தினமும் புகைப்பவர்கள் 2017-ல் 11.8 விழுக்காடு, 2023-ல் 8.8.

ஆனால் வெளியே இடம் குறையக் குறைய அந்தப் புகை எங்கே போகும்? வீட்டுக்குள். இரவு பதினொரு மணிக்குக் கீழ்வீட்டு ஜன்னலோரத்தில் ஒருவர் பற்றவைத்தால், மேல்வீட்டுப் பிள்ளையின் படுக்கையறையில் நாற்றம். நாடாளுமன்றம் வரைக்கும் போன விவகாரம் இது. நம் சட்டங்கள் அந்நியர்களைப் புகையிலிருந்து நன்றாகவே காப்பாற்றின, குடும்பத்தைக் காப்பாற்றவில்லை என்பது என் எண்ணம்.

நம் சமூகத்துக்கென்று இன்னொரு சங்கதி. 2016 ஆகஸ்ட் முதல் இங்கே மூக்குப்பொடி, குட்கா, கைனி, ஜர்தா எல்லாம் தடை. தாத்தா மடியில் வைத்திருந்த பொடி டப்பா சட்டவிரோதம் ஆகிவிட்டது, யாரும் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. இதில் கொஞ்சம் கோணல் இருக்கிறது. விற்பனை குறைந்த பொருளைத் தடை செய்வது சுலபம். அதிகம் விற்பதும் அதிகம் பேரைக் கொல்வதும் சிகரெட்தான், அது மட்டும் கடையில் கல்லாவுக்குப் பின்னால் மூடிய அலமாரியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

இனி, புகைக்கிற மனிதர். டாக்சி ஓட்டும் ஓர் அண்ணன் எங்கள் கடைக்கு நிக்கோடின் சூயிங்கம் வாங்க வந்தார். சூயிங்கம் தடையிலிருந்து 2004-ல் விலக்குப் பெற்ற பொருள் இது. அப்போது இதை வாங்கப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கொடுக்க வேண்டியிருந்தது. சிகரெட் வாங்க எதுவும் எழுதித் தர வேண்டாம், அதை விடுவதற்கு உதவும் பொருளை வாங்க அடையாள எண் வேண்டும்! வாசலில் என்னிடம் கேள்வி கேட்ட ஐயா இதையும் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரமே அந்த அண்ணன் திரும்பி வந்தார், மனைவியுடன். "இதைப் போட்டா விக்கல்தாம்மா வருது. தொண்டை எரியுது. எனக்கு ஒத்துக்கலை," என்றார். எப்படி மெல்லுகிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்தில் காப்பி, வாயில் கம், விடாமல் மென்று தள்ளியிருக்கிறார், சாதாரண சூயிங்கம் மாதிரி. அப்படி மென்றால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். அதனால்தான் விக்கல். மெதுவாக மெல்ல வேண்டும். மிளகுக் காரம் போல ஒரு சுரீர் வந்ததும் நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்து காப்பி கூடாது. காப்பியின் புளிப்பு, வாய்த்தோல் வழியாக நிக்கோடின் ஏறுவதைக் கெடுத்துவிடும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைத் தேடுகிறவருக்கு 2 மில்லிகிராம் போதாது, 4 மில்லிகிராம் வேண்டும். இந்த அண்ணன் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே பற்றவைக்கிறவர்.

நான் இவ்வளவையும் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் மனைவி குறுக்கிட்டார். "இதெல்லாம் எதுக்கும்மா? இவருக்கு மனசு இல்லை. மனசு இருந்தா விட்டிருப்பார்."

அந்த அக்காமேல் எனக்குக் கோபம் இல்லை. வருடக்கணக்காகத் துணியில் அந்த நாற்றத்தைத் துவைத்தவர் அவர். ஆனால் அவர் சொன்னது சரியில்லை. இழுத்த பத்து இருபது நொடியில் நிக்கோடின் மூளைக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அது பாதியாகிவிடும், உடம்பு மறுபடி கேட்கும். காலையில் எழும்போது கையிருப்பே இல்லாத நிலை. அந்த நேரத்தில் கை தானாகப் பாக்கெட்டைத் தேடும். எந்த உதவியும் இல்லாமல், மனசை மட்டும் நம்பி விடுகிறவர்களில் ஓராண்டு தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். மீதித் தொண்ணூற்றைந்து பேருக்கும் மனசு இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

விடுகிறவர்களுக்கு மிகக் கஷ்டமானது முதல் இரண்டு மூன்று நாள். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் அப்போதுதான் உச்சம். நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். சுகாதார மேம்பாட்டு வாரியம் 28 நாள் கணக்கு வைத்திருப்பதும் அதனால்தான். 28 நாள் தாண்டியவர் நிரந்தரமாக விடும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்கிறார்கள். அந்த நாலு வாரமும் வீட்டில் இருப்பவர்கள் அவர் வாயை முகர்ந்து பார்ப்பதை நிறுத்தினால் பாதி உபகாரம். அவர் சிடுசிடுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தீபாவளியன்று உறவுக்கூட்டத்தில் "எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்" என்று சிரிக்கும் மாமாவை மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள்.

இப்போது தடைக்கு வருகிறேன். நாளைக் காலையிலிருந்து சிகரெட்டே கிடையாது என்று சொன்னால் அந்த டாக்சி அண்ணன் கள்ளச் சிகரெட்டுக்குத்தான் போவார். ஏற்கெனவே அந்தச் சந்தை இருக்கிறது. ஊரிலிருந்து வேலைக்கு வந்து தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகளுக்கு இது நன்றாகத் தெரியும். வரி கட்டாத பாக்கெட்டை வாங்கி மாட்டினால் ஒரு பாக்கெட்டுக்கு 500 வெள்ளி என்ற கணக்கில் அபராதம். ஒரு மாதச் சம்பளம் அப்படியே போய்விடும். பூட்டான் 2004-ல் புகையிலை விற்பனையை மொத்தமாகத் தடை செய்து பார்த்தது. எல்லைக்கு அப்பாலிருந்து கடத்தல் நிற்கவே இல்லை, கொவிட் காலத்தில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

அதனால் ஒரேயடித் தடைக்கு நான் ஆள் இல்லை. ஆனால் தடையே வேண்டாம் என்கிற கட்சியும் இல்லை. 2010-ல் நம் சிங்கப்பூர் ஆய்வாளர்களே ஒரு யோசனையை மருத்துவ ஆய்விதழில் எழுதினார்கள்: 2000-ம் ஆண்டு முதல் பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் சிகரெட் விற்கக்கூடாது. இப்போது புகைப்பவரிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டாம், புதிதாக ஆள் சேர்ப்பதை மட்டும் நிறுத்துங்கள் என்பதுதான் அதன் சாரம். இங்கே பிறந்த யோசனை, இங்கே சட்டமாகவில்லை. நியூசிலாந்து 2022-ல் சட்டமாக்கியது, ஆட்சி மாறியதும் 2024-ல் நடைமுறைக்கு வருமுன்பே ரத்து செய்தது. மாலத்தீவு 2025 நவம்பரில் நடைமுறைக்கே கொண்டுவந்துவிட்டது, 2007 ஜனவரி முதல் பிறந்தவர்களுக்கு.

இதற்கு எதிராகச் சொல்லும் வாதங்களில் எனக்குக் கனமாகத் தெரிவது ஒன்றுதான்: மின்சிகரெட். 2018 பிப்ரவரியிலிருந்து அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். இருந்தும் பள்ளிப்பையில் கண்டெடுக்கிறார்கள். மயக்க மருந்தான எட்டோமிடேட்டை அதில் கலந்து விற்கிற அளவுக்குப் போய், 2025 செப்டம்பரில் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. தடை செய்தால் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மின்சிகரெட் தேடிப் போய் ஒளித்து வாங்க வேண்டிய பொருள். சிகரெட் வீட்டுக்குக் கீழே, ரொட்டியும் முட்டையும் விற்கும் மளிகைக்கடையிலேயே கிடைக்கிறது. ராணுவத்தில் கட்டாயத் தேசிய சேவை செய்யும் பையன் விடுமுறை நாளில் நண்பனோடு அங்கேதான் போய் நிற்கிறான். 19, 20, 21 என்று வருடத்துக்கு ஒரு படியாக வயதை ஏற்றி முடித்தவர்கள்தானே நாம்? அந்தப் படி ஏறுவதை நிறுத்தாமல் இருந்தாலே போதும், அந்த 2010 யோசனை தானாக நிறைவேறியிருக்கும். இனிமேலும் ஆரம்பிக்கலாம். கூடவே, நிக்கோடின் கம்மும் தோலில் ஒட்டும் பட்டையும் ஒரு பாக்கெட் சிகரெட்டைவிட மலிவாகக் கிடைக்க வழி செய்ய வேண்டும். வைத்தியம் இந்த முறை பின்னால் வரக்கூடாது.

அப்படியொரு சட்டம் வந்தாலும் இந்த அரங்கில் இருக்கும் பெரியவர்களுக்கு ஒன்றும் மாறாது. நீங்கள் வழக்கம்போல் வாங்கலாம். அதனால் உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. "அறுபது ஆச்சு, இனிமே விட்டு என்னம்மா ஆகப்போகுது" என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்பவரும் கூட்டாளிகளும் 1951-லிருந்து ஐம்பது வருடம் மருத்துவர்களையே பின்தொடர்ந்து பார்த்தார்கள். விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். முப்பதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் ஏறக்குறைய முழுசாகத் திரும்பக் கிடைத்தது, நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு. அறுபதில் விட்டவர்களுக்கும் மூன்று வருடம். பேரப்பிள்ளை தொடக்கப்பள்ளியில் பாதி படிப்பை முடித்துவிடும்.

பின்வரிசை மேசையில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறோம். ஊதினால் மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று எண் காட்டும். ஒரு நாள் முழுக்கப் பிடிக்காமல் இருந்தாலே அந்த எண் இறங்கிவிடும், அதனால் முதல் வாரத்தில் உற்சாகம் கொடுக்க அது நல்ல சாமான். போவதற்கு முன் ஊதிப் பார்த்துவிட்டுப் போங்கள். காலையிலிருந்து எத்தனை என்று கேட்க மாட்டேன். வீட்டுக்காரம்மாக்கள் மட்டும் தயவுசெய்து அந்தப் பக்கம் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், மேசைக்கு உங்கள் வீட்டுக்காரர்கள் தனியாக வரட்டும்.