ஏட்டுச் சுரைக்காயும் கிளினிக் கொப்பியும்

(கொழும்பு வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையில்லாமல் தந்துதவிய செயலாளர் அவர்களே, மாலை நேரக் கிளினிக்கை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் பிரதம விருந்தினர் வைத்திய கலாநிதி அவர்களே, ஓய்வுபெற்ற தாதியச் சகோதரிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். ஐயாவுக்கு 82 வயது. இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார். அவருக்கு ஒருமுறை கைதட்டுங்கள்.

நீண்டகால நோயாளருக்கான பதிவேட்டைக் கைத்தொலைபேசியில் உருவாக்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்ல நினைத்திருக்கிறேன்: பதிவேடு எதற்கு, அது ஏன் போனில், நோயாளியின் இரகசியம் என்னாவது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஐயாதான். நம் இலங்கையில் நிகழும் மரணங்களில் நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ தொற்றா நோய்களால்தான். சீனி வருத்தம், பிரஷர், இருதய நோய், புற்றுநோய் எல்லாம் அதில் அடக்கம். 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயது கடந்தவர்களைக் கூப்பிட்டுப் பரிசோதிக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் நோய் இருக்கிறதென்று சொல்லி அனுப்பப்பட்டவர் அடுத்த மாதம் கிளினிக்குக்கு வந்தாரா? பிரஷர் இறங்கியதா? பெரிய கொப்பியில் எழுதி அலுமாரியில் பூட்டினால், வராதவரை யார் தேடுவது?

இந்தியாவில் 2017இல் தொடங்கிய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பாருங்கள். பஞ்சாப், மகாராஷ்டிரா போன்ற மாநிலங்களில் ‘சிம்பிள்’ என்ற செயலியைத் தாதியர் போனிலேயே பாவிக்கிறார்கள். நோயாளியிடம் கியூஆர் குறியீடு போட்ட அட்டை இருக்கும். அதைக் காட்டினால் பழைய பிரஷர், குளிசை எல்லாம் திரையில் வரும். சிக்னல் இல்லாவிட்டாலும் பதியலாம், கிடைத்ததும் தானாகப் போய்ச் சேரும். சொன்ன திகதிக்கு வராதவர்களின் பட்டியலையும் அதுவே தரும். தாதி அங்கிருந்தே அழைப்பெடுக்கலாம். கறிக்கு உதவும் சுரைக்காய் அந்தப் பட்டியல்தான். நம்மாலும் முடியும். 2020இன் தொடக்கத்தில் கொவிட் வந்தபோது, சுகாதாரத் தகவல்களைத் திரட்டுவதற்கான, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் இலவச மென்பொருளான டிஎச்ஐஎஸ்2இல், விமான நிலையத்தில் வந்திறங்குவோரின் பதிவை நம் நாட்டவர்களே வடிவமைத்தார்கள். பிறகு வேறு நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன.

சரி, என் பெரியம்மா கதைக்கு வருகிறேன். பத்து வருஷமாகச் சீனி வருத்தம். மாதத்தில் ஒரு நாள் விடிய நாலரைக்கு எழும்பி, வெறும் வயிற்றோடு, இடியப்பப் பார்சலும் கட்டிக்கொண்டு காலி வீதியில் முதல் பஸ்ஸைப் பிடிப்பார். கையில் கிளினிக் கொப்பி. பழைய கலண்டர் தாளில் உறை, மேலே பிள்ளையார் சுழி. ஒரு ஐப்பசி மழையில் பை நனைந்து கொப்பி கூழாகிவிட்டது. “கொம்பியூட்டரில எல்லாம் இருக்குமாம்” என்று தைரியமாகப் போனார்.

பெரியம்மாவின் பெயர் ‘ஞா’வில் தொடங்கும். முன்பு பதிந்தவர் ஆங்கிலத்தில் ‘ஜீ’ (G) போட்டு எழுதியிருக்கிறார். அன்றைக்கு இருந்த பிள்ளை ‘என்’ (N) போட்டுத் தேடியது. கிடைக்கவில்லை. அடையாள அட்டையோ வீட்டில். “அம்மா, நீங்க புதுசு” என்றதாம். புதுக் கொப்பி, புது இலக்கம், புது டொக்டர். அவர் எழுதித் தந்தது வீட்டில் ஏற்கெனவே இருந்த அதே மருந்து. கம்பனி வேறு, பெயர் வேறு, நிறம் வேறு. பெரியம்மா இரண்டையும் ஒழுங்காகப் போட்டார். மூன்றாம் நாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் வியர்த்து, கை நடுங்கி, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து சீனித் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் தெளிந்ததும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: “சீனியே போட்டனீங்கள்? டொக்டர் பேசுவாரே!”

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நான் அழுதேன்.

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. தமிழில் ‘ஞா’ ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அவரவர் காதுக்குப் பட்டபடி. கணேசனுக்குக் கே போடுகிறவர் ஒரு பக்கம், ஜீ போடுகிறவர் இன்னொரு பக்கம். ஒரே மனிதர் பதிவேட்டில் இரண்டு பேராகிவிடுகிறார். இலக்கம் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். இலக்கத்தில் ஒன்று பிழைத்தால் வேறு யாருடையதோ விபரம் திரையில் வரும். அங்கே பெயர் தமிழில் தெரிந்தால்தான் எங்கள் பெரியம்மாக்களால் “பிள்ளை, இது நானில்லை” என்று சொல்லமுடியும். ஆகவே நாளைக்கு எந்தக் கிளினிக்குக்கு எந்தச் செயலி வந்தாலும், நோயாளியின் பெயரைத் தமிழில் பதியவும் தேடவும் அதில் இடம் வேண்டும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்த வரியையும் ஏட்டுச் சுரைக்காயாக விட்டுவிடக்கூடாது.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். இரகசியம் பற்றி, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி, இன்னொரு நாள் பேசுகிறேன்.

சுகாதார அமைச்சுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. போகும்போது பெயரைத் தமிழில் எழுதிக் கையொப்பமிடுங்கள். பேனாவை ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன், முதல் கையொப்பம் அவருடையது.