உயிர்காக்கும் ஊசியை ஒரு பிள்ளை ஏன் மறைத்துத் தவிர்க்கிறது?
வணக்கம். போட்டுக்கொள்ளாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று நன்றாகத் தெரிந்த மருந்தை, உடல் பருத்துவிடுமே என்ற அச்சத்தால் ஒரு பிள்ளை யாருக்கும் தெரியாமல் குறைத்துக்கொள்ளும் என்றால் நம்புவீர்களா? முதல் வகை நீரிழிவு உள்ள இளையோரிடம், குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம், மருத்துவர்கள் இதைப் பல்லாண்டுகளாகக் கண்டுவருகிறார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்நோயில் கணையம் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுவதால், அதை ஆயுள் முழுவதும் வெளியிலிருந்து செலுத்த வேண்டும். 1922-ல் டொரான்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டதற்கு முன்பு, இத்தகைய பிள்ளைகளின் ஆயுளைச் சில காலம் நீட்டிக்க மருத்துவர்கள் கையாண்ட வழி கடும் பட்டினி. பட்டினியிலிருந்து பிள்ளைகளை மீட்ட அதே மருந்தை, மெலிவதற்காக இன்று சிலர் விலக்குகிறார்கள் என்பது என்னை உலுக்குகிறது.

இனி வரும் பகுதியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். இன்சுலின் இல்லாததால், நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே பிள்ளை மெலிகிறது. அந்த மெலிவை யாரோ பாராட்டவும் செய்கிறார்கள். சிகிச்சை தொடங்கியதும் இழந்த எடை திரும்புகிறது. மருந்துதான் தன்னைப் பருக்க வைக்கிறது என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. அதற்குமேல், ஒவ்வொரு வேளையும் மாவுச்சத்தைக் கணக்கிடுவதும், பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பதும், எண்களைக் குறித்து வைப்பதும் சிகிச்சையின் பகுதியாகவே கற்பிக்கப்படுகின்றன. நோயில்லாத பிள்ளை இவற்றைச் செய்தால் பெற்றோர் பதறுவார்கள். நீரிழிவுள்ள பிள்ளை செய்தால் பொறுப்பான பிள்ளை என்று பெயர் கிடைக்கிறது. உணவையும் எடையையும் பற்றிய கவலை நோயாகவே முற்றும் உண்ணல் கோளாறு ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல மறைவிடம் இல்லை. அக்கோளாறைக் கண்டறியும் பொதுவான வினாப்பட்டியல்கள் இங்கே தடுமாறுவதால்தான், நீரிழிவுள்ளவர்களுக்கென்றே 16 கேள்விகள் கொண்ட டெப்ஸ்-ஆர் என்ற தனிப் பட்டியல் உருவாக்கப்பட்டது.

இன்சுலினைத் தவிர்ப்பதால் கரைவது கொழுப்பு மட்டுமன்று. தசையும் நீரும் சேர்ந்தே போகின்றன. இரத்தம் அமிலத்தன்மை அடையும் கீட்டோஅசிடோசிஸ் விரைவிலேயே உயிரைப் பறிக்கக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு தென்பட்டால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

குடலழற்சிக்கு ஸ்டீராய்டு எடுத்து முகம் உப்பிய பிள்ளைக்கும், கோதுமை போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயால் உணவைக் கண்டே அஞ்சப் பழகிய பிள்ளைக்கும் இதே கவனம் தேவை.

காரணமின்றி உயரும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேருதல், தனியாகவே ஊசி போட்டுக்கொள்வதில் பிடிவாதம், எடை பார்க்க மறுத்தல் ஆகியவற்றைக் கண்டால், சொல்பேச்சுக் கேட்பதில்லை என்று கடிந்துகொள்ளாதீர்கள். "ஊசி போடுவதில் உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். நீங்களே அந்த நிலையில் இருந்தால், உங்கள் நீரிழிவு மருத்துவரிடமோ செவிலியரிடமோ இன்றே சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

மருந்தை மீண்டும் தொடங்குவதிலும் நிதானம் வேண்டும். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை வெகுவேகமாக இறக்கினால் விழித்திரைப் பாதிப்பு மோசமடையலாம், நரம்புவலி வரலாம் என்பதால், மருத்துவர்கள் பெரும்பாலும் அளவைப் படிப்படியாகவே உயர்த்துகிறார்கள். தொடக்கத்தில் உடலில் நீர் தங்கிக் கால்கள் வீங்கவும் கூடும். அது கொழுப்பன்று, பொதுவாகத் தானே வடிந்துவிடும் நீர் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், ஊசியை மறுபடியும் கைவிட அந்த வீக்கமே காரணமாகிவிடும்.